வாளிச் சத்தம்

அந்தக் காட்டில் வாயாடிகளுக்குத்தான் மதிப்பு. அடக்கமாக, அளந்து பேசுகிற பெண் பிசின் வேலைக்கு ஆகமாட்டாள் என்று மேஸ்திரியம்மாவே முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். பைன் மரத்தில் கீறல் போட்டு, கீறலுக்குக் கீழே தகரக் குவளை மாட்டி, வடிந்து நிறைந்ததைத் தகட்டால் வழித்து வாளியில் சேர்ப்பது வேலையில் பாதிதான். மீதிப் பாதி, காலையில் காட்டுக்குள் நுழைந்ததிலிருந்து மாலையில் சாலைக்கு வந்து சேரும்வரை ஓயாமல் சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பது. கரடி மனிதக் குரலைக் கேட்டால் தானாகவே ஒதுங்கிப் போய்விடும். எதிர்பாராமல் பக்கத்தில் ஆளைப் பார்த்தால்தான் மிரளும், மிரண்டால் அடிக்கும். குட்டியோடு இருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே பேசினார்கள். இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, ஒருத்தி மேல்வரிசை மரங்களையும் இன்னொருத்தி கீழ்வரிசை மரங்களையும் பார்ப்பார்கள். நடுவில் புதர் மண்டியிருக்கும். முகம் தெரியாது, குரல்தான் போய்வரும். எவள் வீட்டில் என்ன குழம்பு, எவள் புருஷன் எப்படிக் குறட்டை விடுகிறான் என்பதெல்லாம் சரிவு முழுக்கக் கேட்கும். கணவன்மார்களின் மானம் அங்கே தினமும் காற்றில் பறந்தது. ஜோடிக்காரி ஒரே கதையை மூன்றாவது முறை சொன்னாலும், முதல் தடவை கேட்பவள் மாதிரி "அப்புறம்?" என்று கேட்க வேண்டும். பேச விஷயமே தீர்ந்துபோனால் தகட்டால் வாளியைத் தட்ட வேண்டும். மற்றவள் கட்டாயம் திருப்பித் தட்ட வேண்டும். பதில் வராவிட்டால் தனியாகத் தேடிப் போகக் கூடாது. எல்லோரையும் கூவி அழைத்துக் கூட்டமாகத்தான் போக வேண்டும். இத்தனையையும் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது மேஸ்திரியம்மாதான். அவளுக்கு ரேடியோ என்று பெயர். அணைக்கிற குமிழ் மட்டும் இல்லாத ரேடியோ என்று அவள் புருஷன் சொல்வான்.

பிசின் காய்ச்சும் கொட்டகைக்குப் பின்னால் இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள வீட்டில் ஓரகத்திகள் இருவர் இருந்தார்கள். பெரியவளின் புருஷன் கொட்டகையில் கொப்பரைக்குப் பக்கத்தில் நிற்பவன். சின்னவளின் புருஷன் பீப்பாய் ஏற்றிய லாரியோடு போனால், வீடு ஞாபகம் வரும்போது வருவான். பெரியவளுக்கு ஒரு பெண் குழந்தை. பேச்சில் அம்மாவையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். காட்டில் இந்த ஓரகத்திகள்தான் பேர்போன ஜோடி. அவர்கள் பேசுவதைக் கேட்கவே பக்கத்துச் சரிவுக்காரிகள் தங்கள் பேச்சை நிறுத்திவிட்டு ரேடியோவிடம் திட்டு வாங்கியிருக்கிறார்கள்.

அந்த ஜோடிக்குள் சண்டை வந்தது ஒரு சோப்பால். எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் சோப்புதான்.

பிசின் கையில் ஒட்டினால் தண்ணீருக்கெல்லாம் மசியாது. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, அப்புறம் துணி சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும். மறுநாள் மறுபடியும் ஒட்டும். சின்னவளுக்கு அவள் அம்மா ஒரு வாசனை சோப்புக் கொடுத்தனுப்பியிருந்தாள். அதை மூடிபோட்ட டப்பாவில் வைத்து, விடுமுறை நாளில் மட்டும் முகத்துக்குப் போட்டுக்கொள்வாள். அந்த ஒரு நாள்தான் அவளிடமிருந்து பிசின் வாடை வராது. ஒரு நாள் பெரியவள், கைக்கு அகப்பட்டது அதுதான் என்று, அதை எடுத்துப் புருஷனின் கால்சட்டையைத் துவைத்துவிட்டாள். சின்னவள் டப்பாவைத் திறந்தபோது உள்ளே நகத்தளவு துண்டு கிடந்தது, கறுத்துப்போய், பிசின் ஒட்டிக்கொண்டு.

அவள் சுவரைப் பார்த்து, வாசனை சோப்பை முகத்தில்தான் போட வேண்டும், பேன்டில் போடக் கூடாது என்று சிலருக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருக்கலாம் என்றாள். பெரியவள் அடுப்பைப் பார்த்து, மூஞ்சி மணத்து என்ன, வாய் நாறுகிறதே என்றாள். அதோடு பேச்சு நின்றது.

வீட்டில் குழந்தை இருந்ததால் காரியம் நடந்தது. "சித்திகிட்ட உப்பு எங்கேன்னு கேளு" என்று இந்தப் பக்கம். "உப்பு எப்பவும் இருக்கிற இடத்துலதான் இருக்குன்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்று அந்தப் பக்கம். குழந்தைக்கு இது நல்ல விளையாட்டாகிவிட்டது. ஒருவர் சொல்லாததையும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் ஓடினாள்.

காட்டில் குழந்தை இல்லை. அங்கே வாளியைத் தட்டினார்கள். மேலிருந்து ஒரு தட்டு, கீழிருந்து ஒரு தட்டு. அந்த வாரம் மற்ற ஜோடிகளெல்லாம் தூரத்துச் சரிவுகளில் இருந்தார்கள்; அவர்களுடைய பேச்சிரைச்சலில் இவர்கள் குரல் காணோம் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. சண்டையிலும் விதியை மீறவில்லை என்று இருவருக்கும் உள்ளூர ஒரு பெருமை வேறு.

அன்றைக்குக் காலையில் பெரியவள் குழந்தைக்குத் தலை பின்னிக்கொண்டே, "நீயாவது பெரியவங்களுக்கு மரியாதை குடுத்து வளரு" என்றாள். சின்னவளின் காதில் விழட்டும் என்றுதான் சொன்னாள், விழுந்தது. அதை அவள் காட்டுவரை சுமந்துகொண்டு போனாள்.

காலை முழுக்க மேகம் மரங்களுக்கு நடுவே இறங்கி நின்றது. நல்ல வெயிலடித்த வாரத்துக்குப் பிறகு வந்த நாள் என்பதால் குவளைகளெல்லாம் தளும்பின. மதியத்துக்குள் இருவர் வாளியும் கழுத்துவரை நிறைந்துவிட்டது. வெற்று வாளி கணீரென்று ஒலிக்கும். பிசின் நிறைந்த வாளியோ தட்டினால் தலையணையைத் தட்டியது போல மொத்தென்று அமுங்கும்.

மேல்வரிசையிலிருந்து பெரியவள் தட்டினாள். மங்கலாகத்தான் வந்தது, ஆனால் சின்னவளுக்குக் கேட்டது. தகடு அவள் கையில்தான் இருந்தது. வாய் இருக்கிறதல்லவா, கூப்பிடட்டுமே என்று நினைத்தாள். கொஞ்சம் பொறுத்து இரண்டாவது தட்டு வந்தது, முன்னதைவிடப் பலமாக. அதுவும் கேட்டது. சின்னவள் தட்டவில்லை.

மூன்றாவது தட்டு வரவில்லை. புதரை விலக்கிக்கொண்டு ஆள் இறங்கி வரும் சத்தம் வந்தது. பெரியவள் விதிப்படி கூவி எல்லோரையும் அழைத்திருக்க வேண்டும். அழைத்தால் இருவரும் பேசுவதில்லை என்பது ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் வாயைத் திறக்காமல், தனியாக, சின்னவளுக்கு என்ன ஆயிற்றோ என்று பார்க்க வந்தாள். சின்னவளுக்கு அது தெரிந்தது. தெரிந்துதான் மரத்தின் பக்கம் திரும்பி நின்று, காலிக் குவளையை மும்முரமாக வழித்துக்கொண்டிருந்தாள். முதலில் முகத்தைப் பார்ப்பவள் தானாக இருக்கக் கூடாது என்பதுதான் அப்போது அவளுடைய ஒரே கவலை.

புதருக்குள் ஏதோ உறுமியது. பெரியவள் அலறினாள்.

ரேடியோ சொல்லிக்கொடுத்தபடி பெரியவள் குப்புற விழுந்து, முழங்காலை மடக்கி, இரண்டு கையாலும் பிடரியைப் பொத்திக்கொண்டாள். ஓடியிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள். சின்னவள் ஓடிவந்து பார்த்தபோது கரடி அவள் மேல் நின்றிருந்தது. குட்டி ஒன்று பக்கத்து மரத்தில் பாதி ஏறிக் கத்திக்கொண்டிருந்தது. சின்னவள் வாளியைத் தட்டினாள், சத்தம் எழவில்லை. ஒரு வாரப் பிசினையும் அப்படியே தரையில் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, வெற்று வாளியைப் பாறையில் மோதினாள். அக்கா அக்கா என்று, அத்தனை நாள் பேசாத வாயால், தொண்டை கிழியக் கத்தினாள். கரடி தலையைத் தூக்கிப் பார்த்தது. பிறகு குட்டியை இறங்கவைத்து ஓட்டிக்கொண்டு மேலேறிப் போய்விட்டது.

பெரியவளின் இடது காது போயிருந்தது. கன்னம் கிழிந்து தொங்கியது.

ஆஸ்பத்திரியில் அவள் கண் திறந்த அன்று வனக்காவலர் வந்தார். எப்போதும் கழுத்தில் விசில் தொங்கும் என்பதால் அவரை விசில்காரர் என்பார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ரொம்பப் பக்குவமாகத்தான் கேட்டார்.

"சம்பவம் நடந்தப்போ நீங்க ரெண்டு பேரும் பேசிட்டிருந்தீங்களாம்மா?"

சின்னவள் தரையைப் பார்த்தாள். சத்தம் கொடுக்காத ஜோடியைக் காட்டுக்குள் விடமாட்டார்கள், அது இருவருக்கும் தெரியும். ஆனால் பெரியவள் அதை நினைத்துச் சொல்லவில்லை என்றுதான் தோன்றுகிறது. வீட்டுச் சண்டையை வெளியாள் காதில் போடுகிற வழக்கம் அவளுக்கு இல்லை.

"பேசிட்டுத்தான் இருந்தோம்" என்றாள் கட்டுக்குள்ளிருந்து.

விசில்காரர் முகம் மாறியது. அப்படியானால் இது குரலுக்குப் பயப்படாத கரடி, விட்டுவைக்க முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அவர் போனபிறகு பெரியவள் கட்டு மறைக்காத கண்ணைத் திறந்து சின்னவளைப் பார்த்தாள். சோப்புக்குப் பிறகு அவள் நேராகச் சொன்ன முதல் பேச்சு அதுதான்.

"நான் தட்டினேன். வாளி ரொம்பியிருந்துச்சு. உனக்குக் கேட்டிருக்காது, இல்ல?"

தப்பிக்க ஒரு கதவை அவளே திறந்து பிடித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் தலையை ஆட்டினாள், கேட்கவில்லை என்று. வெளியே வந்து தாழ்வாரத்துக் குழாயில் முகம் கழுவினாள். நெடுநேரம் கழுவிக்கொண்டே இருந்தாள், பின்னால் நின்றவள் தண்ணீர் பிடிக்க வேண்டும் என்று அதட்டும்வரை.

கெட்டதிலும் கெட்டது, எல்லோரும் அவளைப் பாராட்டியதுதான். ஒரு வாரப் பிசினை யோசிக்காமல் கொட்டினாளே, எவளுக்கு வரும் அந்தப் புத்தி என்றார்கள். கூடப் பிறந்தவள்கூட இப்படிப் பாய்ந்திருக்க மாட்டாள் என்றார்கள். யாரோ முட்டை கொண்டுவந்து கொடுத்தார்கள். பெரியவளின் புருஷன், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் முகத்தைப் பார்த்துப் பேசாத மனிதன், சமையலறை வாசலில் வந்து நின்று ஒரு பொட்டலத்தை நீட்டினான்.

"அவ வாங்கித் தரச் சொன்னா. எந்த சோப்புன்னு எனக்குத் தெரியல. கடைக்காரர்தான் இது நல்லாயிருக்கும்னாரு."

ரோஜாப் படம் போட்ட உறை. சின்னவள் அதை வாங்கி மாடத்தில் வைத்தாள். பிரிக்கவில்லை. அடுப்படிக்குப் போகும்போதெல்லாம் அது கண்ணில் பட்டது. துணி போட்டு மூடி வைத்தாள், அப்போதும் மணத்தது.

அடுத்த மாதம் கொட்டகை முற்றத்தில் பாதுகாப்புக் கூட்டம் போட்டார்கள். விசில்காரர் சின்னவளை முன்னால் அழைத்து, வாளியை எப்படிக் கவிழ்த்தாள், எப்படி மோதினாள் என்று செய்துகாட்டச் சொன்னார். அவள் செய்துகாட்டினாள். கைதட்டினார்கள். அன்று இருவரும் பேசிக்கொண்டுதானே இருந்தீர்கள் என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். நாக்கு நுனிவரை உண்மை வந்தது. எதிரே பெரியவளின் புருஷன் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமா, பேசிட்டிருந்தோம்" என்றாள்.

பேசிக்கொண்டிருந்தும் வந்ததா என்று ஒருத்தி கேட்டாள். அப்படியென்றால் இத்தனை வருஷம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியதெல்லாம் எதற்கு என்றாள் இன்னொருத்தி. நம் சத்தம்தான் அதற்கு வழி காட்டுகிறது, இனிமேல் மூச்சுக் காட்டாமல் வேலை பார்ப்பதுதான் நல்லது என்றும் ஒருத்தி சொன்னாள். யாரும் அவளை மறுக்கவில்லை. ரேடியோ வாயைத் திறந்தாள், சொல்ல ஒன்றும் அகப்படாமல் மூடிக்கொண்டாள். அவளை அப்படி யாரும் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு காடு ஊமையாகிப் போனது. சிலர் வேலையை விட்டார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் இடுப்பில் அரிவாளைச் செருகிக்கொண்டு, கிசுகிசுவென்று பேசி, சருகு மிதிபடாமல் நடந்தார்கள். அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று அங்கே முழுதாகத் தெரிந்தவள் சின்னவள் ஒருத்திதான். அடுத்த அலறல் யாருடையதாக இருக்குமோ என்று ஒவ்வொரு நாளும் பயந்தாள். சொல்லிவிட வேண்டும் என்று காலையில் முடிவெடுப்பாள், சாலை முனையில் யாராவது "நம்ம வாளிக்காரி வந்துட்டா" என்று சிரித்ததும் அந்த முடிவு கரைந்துபோகும்.

பெரியவள் வீடு திரும்பினாள். கன்னத்தில் தையல் மேடும் பள்ளமுமாக இருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதால் சொற்கள் கொஞ்சம் குழைந்து வந்தன. குழந்தை அவளைப் பார்த்ததும் சின்னவளின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா எப்ப வரும் சித்தி?" என்று கேட்டது. பெரியவள் உள்ளே போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களையெல்லாம் எடுத்து மறுபடி கழுவினாள். சின்னவளுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

நாளாக ஆக, குழந்தை அம்மாவின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொள்கிற அளவுக்கு வந்தது. நல்ல கன்னம் இருக்கும் பக்கம் மட்டும் வந்து உட்கார்ந்தது. மழைக்காலம் முடிந்ததும் தானும் வேலைக்கு வருகிறேன் என்றாள் பெரியவள். புருஷன் தடுத்துப் பார்த்தான்.

"வீட்டுல உக்காந்தா கண்ணாடியைத்தான் பாத்துட்டு இருக்கணும். மரத்தையாவது பாக்குறேன்" என்றாள்.

அவள் வந்த முதல் நாள் நல்ல வெயில். காட்டு முகப்பில் கரடிக்கு இரும்புக் கூண்டு வைத்திருந்தார்கள். கம்பிகளில் பூசிய தேனில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. பெரியவள் அதன் எதிரே நின்று பார்த்தாள்.

"குட்டியும் இதுலதான் மாட்டுமா?" என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை.

பெண்கள் சத்தமில்லாமல் சரிவில் பிரிந்து போனார்கள். சின்னவள் கீழ்வரிசை, பெரியவள் மேல்வரிசை, பழையபடிதான். முதல் மரத்தில் சின்னவள் கீறல் போட்டுக்கொண்டிருந்தபோது மேலிருந்து வாளிச் சத்தம் வந்தது. வெற்று வாளி, அதனால் கணீரென்று கேட்டது. சின்னவள் உடனே திருப்பித் தட்டினாள். மறுபடி தட்டு வந்தது, மறுபடி தட்டினாள். மூன்றாவது தட்டுக்குக் கை எழவில்லை. மேலே புதரில் லேசாகச் சலசலப்பு கேட்டது. பதில் வராததால், மறுபடியும், அவளைத் தேடிக்கொண்டு பெரியவள் ஓரடி எடுத்து வைத்துவிட்டாள்.

"அக்கா, அங்கயே நில்லுங்க" என்றாள் சின்னவள். "அன்னிக்கு நீங்க தட்டினது எனக்குக் கேட்டுச்சு."

"என்ன சொல்றே? சத்தமா சொல்லு. எனக்கு இந்தப் பக்கம் கேக்காது."

சின்னவள் வாளியைக் கீழே வைத்தாள். காதில்லாத பக்கத்துக்கும் கேட்க வேண்டுமென்றால் சரிவு முழுக்கக் கேட்கும். வேறு வழி இல்லை. மூச்சை இழுத்துக்கொண்டு கத்தினாள்.

"நீங்க தட்டினது எனக்குக் கேட்டுச்சு! ரெண்டு தடவையும் கேட்டுச்சு! வேணும்னேதான் நான் தட்டல! நாம அன்னிக்குப் பேசவே இல்ல. அஞ்சாறு நாளாவே பேசல. பேசியிருந்தா கரடி வந்திருக்காது!"

எல்லாத் தகடுகளும் நின்றன. சரிவில் அத்தனை பெண்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சின்னவளுக்கு முகமும் கழுத்தும் தீயாக எரிந்தன. மேலே இருந்து ஒரு சத்தமும் இல்லை. பெரியவள் வாளியை வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்துவிடுவாள் என்றே நினைத்தாள். போனால் அது நியாயம்தான் என்றும் நினைத்தாள்.

தூரத்திலிருந்து ரேடியோவின் குரல் வந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அந்தப் பழைய குரல்.

"பெரியவளே, பதில் குடு. எதையாவது சொல்லு. சத்தம் நிக்கக் கூடாது."

பெரியவளின் தகடு மரத்தில் உரசும் சத்தம் கேட்டது. அப்புறம் குரல் கேட்டது. குழைந்து, உடைந்து, ஆனால் உரக்க வந்தது.

"ஒரு தட்டு. ஒரு தட்டு தட்டுறதுக்கு உன் கை என்ன தேஞ்சா போயிடும்?"

"தேயாதுக்கா!"

"ஆஸ்பத்திரியில கேட்டேனே. அப்பவாவது சொன்னியா?"

"சொல்லலக்கா!"

"சோப்பு வாங்கிக் குடுத்தேனே. அதைப் பிரிச்சாவது பாத்தியா?"

"இல்லக்கா!"

"எம்பொண்ணு என் மூஞ்சியைப் பாத்து ஒளியுறா. உன் மடியிலதான் தூங்குறா. தெரியுமா உனக்கு?"

சின்னவள் பதில் சொல்லியாக வேண்டும், அதுதான் அந்தக் காட்டின் விதி. "தெரியும்க்கா" என்று கத்தினாள்.

பெரியவள் நிறுத்தவில்லை. மரத்துக்கு மரம் நகர்ந்துகொண்டே, குவளைக்குக் குவளை வழித்துக்கொண்டே, சின்னவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சேர்த்துவைத்ததையெல்லாம் எடுத்துத் திட்டினாள். நடுவில் அழுதாள், மூக்கைச் சிந்திவிட்டுத் திட்டினாள். மற்ற ஜோடிகளும் மெல்ல வாய் திறந்தார்கள். மதியத்துக்குள் சரிவு முழுக்கப் பழைய இரைச்சல் வந்துவிட்டது. கூண்டைத் தூக்கச் சொல்ல ரேடியோ விசில்காரரைத் தேடிப் போனாள். போகும் வழியெல்லாம் அவள் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

வெயில் இறங்கும் நேரம் வாளிகள் நிறைந்தன. தட்டினால் இனிச் சத்தம் வராது. பெரியவள் இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள். கீழே புதருக்கு இந்தப் பக்கத்திலிருந்து, கம்மிப்போன குரலில், ஒன்று விடாமல் ஒவ்வொன்றுக்கும் பதில் போனது.

"ஆமாக்கா. ஆமாக்கா. ஆமாக்கா."